அடைப்பா, தளர்ச்சியா?

அன்புள்ள சேது,

ராத்திரி நாலைந்து முறை எழுந்துபோய் நின்றாலும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதையே நான் மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் சுமந்தேன். நீ வாய்திறந்து சொன்னாயே, அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் ஸ்கேனில், மூத்திரக்குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி 45 கிராம் என்றதும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாய் என்பதில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. வீக்கத்துக்கும் அடைப்புக்கும் நேர்க்கணக்கு கிடையாது. சின்ன புராஸ்டேட்டே வழியை நெரித்துவிடும். பெரியது சும்மாவும் இருக்கும். மூத்திரம் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ சோதனையில் உனக்கு வந்த நொடிக்கு 8 மில்லி குறைவுதான். 10-க்குக் கீழே போனால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். ஆனால் மூத்திரப்பையின் தசைக்குத் தள்ளத் தெம்பில்லாவிட்டாலும் அதே 8 வரும். எது காரணம் என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. நீயோ 20 வருடச் சர்க்கரைக்காரன்; நரம்பு கெட்டுப் பை தளர்ந்திருக்க இடமுண்டு. அப்படியானால் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தும் பலன் குறைவாகவே இருக்கும்.

அதனால் பையின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கும் யூரோடைனமிக் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். எனக்குச் செய்தார்கள். பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று. நீரை மெதுவாக நிரப்பிவிட்டுப் போகச் சொல்வார்கள். அழுத்தம் அதிகம், ஓட்டம் குறைவு என்றால் அடைப்பு. இரண்டுமே குறைவு என்றால் தளர்ச்சி. கூச்சமாகத்தான் இருந்தது, பிறகு லேசான எரிச்சல். எனக்கு அடைப்பு என்று உறுதியான பிறகுதான் கத்தி வைக்கச் சம்மதித்தேன்.

அதற்கு முன்னால், புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளிலேயே கொஞ்சம் இளகியது, ஆனால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. உனக்கும் எழுதிக்கொடுத்தால், கண்புரை ஆபரேஷன் வைத்திருக்கிறாயே, கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. அந்த மருந்தால் ஆபரேஷன் நடுவே கருவிழித்திரை தொளதொளத்துப் போகலாம். ஃபினாஸ்டிரைடு என்ற இன்னொரு மாத்திரை புராஸ்டேட்டையே சுருக்கும், ஆனால் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அது, புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால் ரத்தச் சோதனையின்போது மறக்காமல் சொல்ல வேண்டும்.

சளி மாத்திரையைக் கேட்காமல் விழுங்காதே. சில வகை மாத்திரைகள் மூத்திரத்தையே அடியோடு நிறுத்திவிடக்கூடும். அப்படி நின்றுபோனால் விடியட்டும் என்று காத்திராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

மூத்திரம் போன பிறகும் பையில் எவ்வளவு தங்குகிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் தாளில் போட்டிருப்பார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவையும் சேர்த்து எனக்கு எழுது. சிறுநீரகம் வீங்கியிருந்தால் நான் மேலே சொன்ன நிதானமெல்லாம் செல்லாது. டாக்டர் சொல்கிறபடி சீக்கிரமே நடக்கட்டும். எப்படியானாலும் அன்றைக்கு நான் உன்கூட இருப்பேன்.

உன்,
மணி