கதை பிடித்திருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசிப்பு வட்டக் கூட்டம் முடிந்ததும் வாசகர் கையில் தரப்படும் தாளில் வழக்கமாக இரண்டு கேள்விகள் இருக்கும்: கதை பிடித்திருந்ததா? அது உணர்த்தும் கருத்து என்ன? முதல் கேள்விக்கு முகதாட்சண்யத்துக்காக ‘நன்றாக இருந்தது’ என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவதற்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய நீதி ஒன்று வந்து விழும். படிக்கும்போது அவர்களுக்குள் என்ன நடந்தது என்பது இரண்டிலும் வராது. சேலத்திலும் ஏற்காட்டிலும் வட்டம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் மெனக்கெட்டால் அதைத் தெரிந்துகொள்ளலாம். பெரிய செலவும் இல்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்த பதில்களை ஆராய்ந்து 1929-இல் வெளியிட்டார். நன்கு படித்தவர்களிலேயே பலர் வரிகளின் நேர்ப்பொருளைத் தவறவிட்டிருந்தார்கள். கவிதையில் இல்லாத உணர்ச்சியை, தங்களிடம் தயாராக இருந்ததை, அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். ஆகவே முதல் வேலை தாளிலிருந்து ஆசிரியர் பெயரை எடுப்பது. பெயர் தெரிந்தால் பதில் கதைக்கு வராது, பெயருக்குத்தான் வரும்.

சுமார் 1,200 சொற்களில் ஒரே ஒரு கதை போதும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம்விட்டு அச்சடித்து, கூடவே ஒரு பென்சில் கொடுங்கள். மனம் நின்ற இடத்தில் அடிக்கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி. இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டாம். ‘அழகான வரிகளைக் குறியுங்கள்’ என்று சொன்னால் எல்லோரும் உவமை தேடக் கிளம்பிவிடுவார்கள்.

நேரத்தையும் அளக்க விரும்பினால் கணினித் திரையில் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் காட்டி, பொத்தானை அழுத்தினால் அடுத்தது வரும்படி செய்யலாம். கனடாவில் ஆய்வாளர்கள் டேவிட் மையல், டான் குய்கன் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இந்த வழிதான். ஓசை நயம், மாறிய வாக்கிய அமைப்பு, உருவகம் ஆகியவை செறிந்த பகுதிகளில் வாசகர் வேகம் குறைந்தது. அந்தப் பகுதிகளே மனத்தைத் தொட்டதாகவும் சொன்னார்கள். ஆய்வாளர்கள், ஒரு பகுதியைப் படித்த நேரத்தை அதிலுள்ள அசைகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். நம்மவர்கள் சொல் கணக்கில் வகுத்தால் எல்லாம் கெட்டுப்போகும். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று சேர்த்து அச்சிட்டால் ஒரு சொல். ‘போய்க் கொண்டு இருந்தவர்களுக்கு’ என்று பிரித்தால் மூன்று. கண் கடக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெய்யெழுத்தையும் சேர்த்து எண்ணினால் முன்னதில் 15 எழுத்து, பின்னதில் 16. எழுத்தெண்ணிக்கையால் வகுப்பதே தமிழுக்குப் பொருந்தும். முதல் சில வாக்கியங்களின் நேரத்தைத் தள்ளிவிடுங்கள், கை பழகவே அவ்வளவு ஆகும்.

வேகம் குறைந்ததற்கெல்லாம் நடைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அம்மாபேட்டை நெசவாளர் ‘பாவு’, ‘ஊடை’ (தறியின் நெடுக்கு, குறுக்கு நூல்கள்) என்ற சொற்களைச் சட்டென்று தாண்டிப் போவார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்காரர் அங்கே நின்றுவிடுவார். காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் ‘பல்பர்’ இயந்திரம் வந்தால் நிலைமை தலைகீழ். பழக்கமில்லாத சொற்களைப் படித்து முடித்தபின் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால்தான் நடையால் வந்த நிதானத்தையும் சொல் தெரியாமல் வந்த தடங்கலையும் பிரிக்க முடியும். மலையில் பழம் பறிக்கும் பருவத்தில் கூட்டம் வைக்காதீர்கள். களைத்த கண்ணும் மெதுவாகத்தான் படிக்கும்.

வாசிப்பு ஆய்வாளர் ரோல்ஃப் ஸ்வான் 1994-இல் வெளியிட்ட சோதனையை நம்மூரிலும் எளிதாகச் செய்யலாம். ஒரே பகுதியைப் பாதிப் பேரிடம் செய்தி என்றும் மறுபாதிப் பேரிடம் இலக்கியம் என்றும் சொல்லிக் கொடுத்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் நிதானமாகப் படித்தார்கள், சொற்களையும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். யார் எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்யட்டும். உட்கார்ந்த வரிசைப்படி பிரித்தால் நண்பர்களெல்லாம் ஒரே பக்கம் போய்விடுவார்கள்.

அடுத்து, கதையைத் திருப்பிச் சொல்ல வைப்பது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைத் திருப்பிச் சொன்ன ஆங்கிலேயர் கதைகளில் சிறு தோணி சாதாரணப் படகாகவும், சீல் வேட்டை மீன்பிடிப்பாகவும் மாறிப்போனதைக் காட்டினார். பழகாததை வாசகர் பழகியதாக மாற்றிக்கொள்கிறார். இங்கே எழுதித் தரச் சொல்லாதீர்கள். எழுத்துத் தமிழுக்கு மாறியதும் கதை சுருங்கி நீதி நீண்டுவிடும். பேச்சுத் தமிழில் சொல்லவிட்டு, அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். படித்த உடனே ஒரு முறை, 7 நாள் கழித்து ஒரு முறை. பதிவுகளை இருவர் தனித்தனியாகக் கேட்டு, எந்தச் செய்தி நின்றது, எது விடுபட்டது, எது புதிதாக முளைத்தது என்று குறிக்க வேண்டும். இருவர் குறிப்பும் நிறைய முரண்பட்டால் வாசகர்மேல் தவறில்லை; குறிக்கும் விதி தெளிவாக இல்லை என்று பொருள்.

‘ஆண்டுக்கு எத்தனை புத்தகம் படிப்பீர்கள்?’ என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். எழுத்தாளர் பெயர்களோடு கற்பனைப் பெயர்களையும் கலந்து, தெரிந்தவற்றைக் குறிக்கச் சொல்லும் முறை 1989 முதல் இருக்கிறது. பொய்ப் பெயரைக் குறித்தால் மதிப்பெண் கழியும். தமிழ்ப் பட்டியலில் பாடப்புத்தகப் பெயர்களையும் சினிமாப் பாடலாசிரியர் பெயர்களையும் சேர்க்காமல் இருக்க வேண்டும்; அவை படிக்காதவருக்கும் தெரியும்.

‘இலக்கியம் படித்தால் இரக்கம் வளரும்’ என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. ஒரு சிறு பகுதியைப் படித்தவுடனேயே பிறர் மனநிலையை உணரும் திறன் கூடியதாக 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2016-இலும் 2018-இலும் வெளியான சில மறுசோதனைகளில் அந்த விளைவு தென்படவில்லை. பல்லாண்டுகளாகப் படிக்கிறவர்களிடம் அந்தத் திறன் சற்றுக் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் படிப்பு அதைத் தந்ததா, அது இருப்பவர்கள் படிக்க வந்தார்களா என்பது அதிலிருந்து தெரியாது. கிடைக்கும் பணத்துக்காகவோ கைத்தட்டலுக்காகவோ இதை உறுதியான உண்மையாகச் சொல்வது வாசிப்புக்குச் செய்யும் துரோகம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் பதில்தாள்களைப் பழைய பேப்பரில் போட்டுவிடாதீர்கள். பெயரை நீக்கி, எண்ணிட்டு, எந்தக் கதை, எந்த நாள், யார் கேட்டது என்று மேலே எழுதிக் கட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே கதையை ஏற்காட்டில் கொடுக்கும்போது ஒப்பிட அந்தக் கட்டு வேண்டும்.

— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.