மரவள்ளித் தேமலும் டெங்குவும் பரவும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊருக்குள் காய்ச்சல் பரவினால் கொசுப் புகை அடிப்பதும், மரவள்ளிக் காட்டில் இலை சுருண்டால் வெள்ளை ஈக்கு மருந்து தெளிப்பதும் சேலம் மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டன. இவை தேவையானவைதாம். ஆயினும் டெங்குவும் தேமல் நோயும் வைரஸால் உண்டாகிப் பூச்சியால் பரவுகின்றன என்பதோடு நம் கவனம் நின்றுவிடுவதால், அவை நம் கைகளாலேயே பரவும் வழி அடைபடாமல் கிடக்கிறது.

மரவள்ளியின் இளம் இலைகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தோன்றி, இலைகள் கோணி, சிறுத்துப்போவது தேமலின் அடையாளம். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈ, வைரஸை அடுத்த செடிக்குக் கொண்டுசெல்கிறது. ஆனால் மரவள்ளியை நாம் விதை ஊன்றி வளர்ப்பதில்லை. தண்டைக் கரணைகளாக நறுக்கியே நடுகிறோம். தாய்ச் செடியில் வைரஸ் இருந்தால் அதன் கரணையிலும் இருக்கும். முளைக்கும்போதே செடி நோயோடு முளைக்கும். வளர்ந்த செடியை வெள்ளை ஈ தாக்குவதால் நேரும் இழப்பைவிட, நோயுற்ற கரணையிலிருந்து வளரும் செடியில் கிழங்கு மகசூல் இழப்பு மிக அதிகம். வெள்ளை ஈ பக்கத்துக் காடுகளுக்குப் பரப்பும் நோயை, சோதனையின்றி விற்கப்படும் கரணைக் கட்டுகள் லாரியில் ஏறி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகின்றன. தாக்கிய செடியைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை என்பதையும், இதற்கென்று மருந்து வாங்கிச் செலவழிக்கும் விவசாயிகளுக்கு யாராவது எடுத்துச்சொல்ல வேண்டும்.

டெங்குவிலும் இதே நிலைதான். காய்ச்சல் கண்டவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசுவின் உடலில் வைரஸ் ஏறத்தாழ 8 முதல் 12 நாள்களில் பெருகிய பிறகு, அந்தக் கொசு ஆயுள் முழுவதும் நோயைப் பரப்பும். அது பகலில் கடிப்பது என்பதால், காய்ச்சலில் படுத்திருப்பவருக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும். இதைப் பெரும்பாலான வீடுகளில் செய்வதில்லை. புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியையும் குடத்தையும் வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நெல் விதைக்குச் சான்று இருப்பதுபோல மரவள்ளிக் கரணைக்கும் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஸ்ரீ ரக்ஷா போன்ற தேமல் எதிர்ப்பு ரகங்களின் கரணைகளை, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் வழியாக இப்பகுதி விவசாயிகளுக்குப் பரவலாக வழங்க வேளாண் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளும் காய்ச்சல் தோன்றும்வரை காத்திராமல், மழைக்கு முன்பே வீடுவீடாகத் தொட்டிகளைச் சோதிக்கும் பணியாளர்களை அமர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயி ஒருவர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.