மெயின் போட்டதும் மோட்டார் தானாக அசையக் கூடாது: இயந்திரம் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

டர்போ பிமேக் (சர்வோ மோட்டார்களை இயக்கும்) கன்ட்ரோலர் பூட்டி இயந்திரம் கட்டி அனுப்புகிறவர்கள் நீங்கள். அவை ஓடும் இடத்தில் பராமரிப்பு பார்ப்பவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது இதுதான்: ஐ180-ஐ (மெயின் போட்டதும் முதல் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அமைப்பு எண்) 1 என்றோ 3 என்றோ வைத்து இயந்திரத்தை அனுப்பாதீர்கள். செங்குத்து அச்சில் அறவே வேண்டாம்.

இரண்டில் எதை வைத்தாலும் கன்ட்ரோலர் உயிர்பெற்றதுமே முதல் மோட்டாருக்கு ஃபேஸ் தேடல், அதாவது ரோட்டர் எந்த மின்கோணத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை, தானாக ஓடிவிடும். 1 என்றால் இரண்டு கோணங்களில் சில மில்லிநொடி உந்திப் பார்த்துக் கணக்கிடும் ஊக முறை. 3 என்றால் கரண்ட் கொடுத்து ரோட்டரை ஓரிடத்தில் இழுத்துப் பிடிக்கும் ஸ்டெப்பர் முறை. அந்த நேரத்தில் எமர்ஜென்சி ரிலே பெரும்பாலும் ரீசெட் ஆகியிருக்காது, டிரைவின் பஸ் வோல்டேஜும் (மோட்டாருக்குச் சக்தி தரும் மின்னழுத்தம்) ஏறியிருக்காது. மோட்டார் அசையாது, ஃபேஸ் பிழை விழும், ஆபரேட்டர் மெயினை அணைத்து அணைத்துப் போடுவார். அதோடு போனால் பரவாயில்லை. பஸ் வோல்டேஜ் இருந்து, யாராவது உள்ளே கை வைத்திருந்தால்?

பிரஷ் இல்லாத மோட்டாரில் ஃபேஸ் கோணம் எத்தனை பாகை தவறுகிறதோ அதன் கொசைன் அளவுக்குத்தான் டார்க் கிடைக்கும். 30 பாகை தவறினால் 87 சதவீதம், 60 தவறினால் பாதி. 90-ஐத் தாண்டினால் டார்க் தலைகீழாகி, நிலைப் பிழையைக் குறைக்க வேண்டிய சர்வோ லூப்பே அதைப் பெருக்கும். அச்சு பிய்த்துக்கொண்டு ஓடும். முதல் மோட்டாரை ஃபேஸ் செய்யச் சொல்லும் #1$ கட்டளை, தேடல் முடிந்த கையோடு லூப்பையும் மூடிவிடுகிறது. இடையில் சரிபார்க்க அவகாசம் கிடையாது.

ஒரு செங்குத்து அச்சு: 8 போல் (காந்த முனை) மோட்டார், சுற்றுக்கு 10,000 என்கோடர் கவுன்ட், 10 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) பால் ஸ்குரூ. ஒரு சுற்றிலுள்ள மின்சுழற்சிகளைச் சொல்லும் ஐ170 4, கவுன்ட்டைச் சொல்லும் ஐ171 10,000. ஒரு மின்சுழற்சி 2.5 மி.மீ. பிரேக்கை விடாமல் ஸ்டெப்பர் தேடல் நடத்தினால் எதுவும் அசையாது. விட்டால் கரண்ட் பிடிக்கும் முன்பே ஸ்லைடு இறங்கத் தொடங்கும்; பிடித்த பிறகும் எடை அதைச் சரியான கோணத்தில் நிற்க விடாது. எடையைத் தாங்கும் டார்க், பிடிக்கும் டார்க்கில் 30 சதவீதம் என்றால் 17 பாகை விலகல். 70 சதவீதம் என்றால் 44 பாகை, மிஞ்சும் டார்க் 71 சதவீதம். அச்சு ஓடத்தான் செய்யும். கரண்ட் கூடுதலாக இழுத்து, வேகமெடுக்கையில் ஃபாலோயிங் எரரில் (இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) விழும். கனமான டூல் இருக்கும்போது ஆன் செய்தால் ஒரு கோணம், இல்லாதபோது வேறு கோணம். ‘சில நாள் மட்டும் ட்ரிப் ஆகிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஊக முறை இங்கே இன்னும் மோசம்: புவியீர்ப்பால் வந்த அசைவையும் தன் உந்தலின் விளைவு என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

கிடை அச்சுக்கு ஸ்டெப்பர் முறை போதும், ஐ180-ஐ 2 (ஸ்டெப்பர் முறைதான், ஆனால் தானாக ஓடாது) என்று வைத்து, தேடல் நேரமான ஐ174-ஐக் கவனித்தால். ஊக முறையில் அதன் அலகு ஒரு சர்வோ சைக்கிள். ஸ்டெப்பர் முறையில் 256 சைக்கிள். வழக்கமான 442 மைக்ரோநொடி சைக்கிளில் 5 என்பது அங்கே 2.2 மில்லிநொடி, இங்கே 0.57 நொடி. ஐ180-ஐ மாற்றுகிறவர் இதை அப்படியே விட்டுவிடுவார். கனமான, உராய்வு குறைந்த மேசை பிடித்த இடத்தைச் சுற்றி ஊசலாடும். அடங்கும் முன் நேரம் முடிந்தால் அப்போது நின்ற இடமே பூஜ்யமாகப் பதிவாகும். தேடலுக்குக் கொடுக்கும் கரண்டான ஐ173-ஐ ஏற்றிச் சரிக்கட்டவும் முடியாது. நின்ற இடத்தில் பிடிக்கும்போது உச்சக் கரண்ட் ஒரே ஃபேஸில் நிற்கலாம். அந்தச் சுருளின் சூடு, அதே உச்சக் கரண்டில் சுழலும் மோட்டாரில் ஏறுவதைப்போல் இரண்டு மடங்கு.

செங்குத்து அச்சுக்கு, ரோட்டர் நிற்கும் இடத்தை அசையாமலே சொல்லும் ஹால் சென்சாரோ அப்சல்யூட் என்கோடரோ உள்ள மோட்டாரைப் போடுங்கள். அதில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். ஐ181-இல் அதை வாசிக்கும் முகவரியும் ஐ191-இல் அதன் வகையும் எழுதினால் #1$ தேடாது, வாசிக்கும். மோட்டார் அசையத் தேவையில்லை, பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். ஹால் 60 பாகை வட்டாரத்தைத்தான் சொல்லும், பிழை 30-க்குள் நிற்கும், ஹோம் (அச்சின் தொடக்கப் புள்ளி) போக அது போதும். என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் இன்டெக்ஸ் பல்ஸில் ஹோம் முடிந்து அச்சு நின்றதும் செட்ஃபேஸ் கட்டளை கொடுத்தால் ஐ175-இல் உள்ள துல்லியமான கோணம் ஏறும். அந்த எண்ணை எடுக்க, மோட்டாரை ஸ்குரூவிலிருந்து கழற்றி ஸ்டெப்பர் முறையில் ஃபேஸ் செய்து, ஹோம் போய், அப்போதைய ஃபேஸ் கோணத்தைக் காட்டும் எம்171-ஐப் படியுங்கள். வேறு வேறு இடங்களிலிருந்து தொடங்கித் திரும்பச் செய்து சராசரி எடுங்கள். மேலே சொன்ன மோட்டாரில் 28 அலகு ஒரு பாகை. விடைகள் 10 பாகைக்கு மேல் சிதறினால் கரண்டோ நேரமோ போதவில்லை.

ஐ180 0-இலோ 2-இலோ இருக்க, பிஎல்சி நிரலில் வரிசை இப்படி இருக்கட்டும்: சேஃப்டி ரிலே மூடியது, டிரைவ் ரெடி வந்தது, பிறகு #1$. எம்148-இல் ஃபேஸ் பிழை இல்லை, லூப் மூடியிருக்கிறது என்று உறுதியான பின்பே பிரேக் விடுதல். இதற்கிடையே ஃபாலோயிங் எரர் வரம்பான ஐ111-ஐ இறுக்குங்கள். அதன் அலகு கவுன்டில் பதினாறில் ஒரு பங்கு. வரும்போதே இருக்கும் 32,000 இந்த ஸ்குரூவில் 2 மி.மீ. ஃபேஸ் செய்யும்போது 3,200 வைத்தால் 0.2 மி.மீ.-இல் மோட்டார் துண்டிக்கப்பட்டுவிடும். ஹோம் தொடங்கும் முன் பழைய எண்ணைத் திருப்பி எழுதலாம். தொந்தரவு பொறுக்காமல் ஐ111-ஐ 0 ஆக்கி அனுப்பியவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அந்தக் காவலே இல்லாமல் போகிறது.

மோட்டாரையோ என்கோடரையோ மாற்றினால் ஐ175 செல்லாது. ஆகவே ஐ170 முதல் ஐ175 வரை, ஐ180, ஐ181, ஐ191, ஐ111 ஆகியவற்றின் மதிப்புகளையும், ஐ175 எந்தக் கரண்டில் எடுக்கப்பட்டது என்பதையும் ஒரே தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி அனுப்புங்கள். பேக்அப் ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது என்பது இரவு ஷிப்டுக்கு உதவாது.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவினர்