வாடைக்காலத்தில் வந்த புறாத்தீவுக் காணொளி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

திருகோணமலையைப் பற்றி நீர் யூரியூப்பில் வெளியிடும் காணொளிகளைத் தொடக்கத்திலிருந்தே பார்த்து வருபவன் நான். உப்புவெளியில் சிறிய விடுதி ஒன்றை நடத்துவதால், உம்மை நம்பி ஊருக்கு வருகிறவர்கள் என்ன எண்ணத்தோடு வருகிறார்கள், எந்த முகத்தோடு திரும்புகிறார்கள் என்பதை உம்மைவிட அருகிலிருந்து காண்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

மார்கழியில் நீர் வெளியிட்ட புறாத்தீவுக் காணொளியைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும். தெளிந்த நீரில் பவளப்பாறைகளின் மேல் வெயில் நெளிவதும் சிறு சுறா ஒன்று ஓரமாக நழுவிப் போவதும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் இந்தக் கடலோடு பழகிய எவருக்கும் அது ஆனி ஆடியில் எடுத்த காட்சி என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். வாடை வீசத் தொடங்கினால் கிழக்குக் கரை கொந்தளிக்கும்; தீவு நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்திலேயே இருந்தாலும் படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களே அந்தக் காலத்தில் அதிகம்; துணிந்து போனாலும் கலங்கிய நீரில் பவளம் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகள் இருவரும் புதிதாக வாங்கிய நீச்சல் கண்ணாடியைப் பையில் வைக்காமல் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். படகு இல்லை என்று அறிந்த தகப்பனார் என் மேசையில் தொலைபேசியை வைத்து, நீர் பேசும் இடத்தில் காணொளியை நிறுத்தி, “இவர் இப்போது போகலாம் என்றுதானே சொல்கிறார்?” என்று கேட்டார். நீர் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. ஆனால் போக முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் உமக்கு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். பிடிக்கவில்லை என்போரின் எண்ணிக்கையை யூரியூப் 2021 நவம்பரிலிருந்து மற்றப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. உமக்கு அது தெரியும் என்றாலும், ஏமாந்தவர் அந்தப் பொத்தானை அழுத்தவும் மினக்கெடாமல், அடுத்த முறை உம் முகத்தைக் கண்டதும் தாண்டிப் போய்விடுவார். ஆகவே பார்வைகள் ஏன் குறைந்தன என்பது உமக்கே பிடிபடாமல் போகும்.

நீர் இதை ஏன் செய்தீர் என்பதை ஊகிக்க முடிகிறது. விளம்பர வருமானத்துக்காக 1,000 சந்தாதாரரையும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையையும் எட்ட ஓடிய காலத்தில், வாரம் தவறக் கூடாது என்ற பழக்கம் உமக்குள் ஊறிவிட்டது. அந்த எல்லையைத் தாண்டிய பின்னும் பழக்கம் போகவில்லை. தவறாமல் வருவது நல்லதுதான். ஆனால் உம்மைத் தேடி வருகிறவர் வெள்ளிக்கிழமை என்பதற்காக வருவதில்லை, நீர் சொன்னால் சரியாக இருக்கும் என்பதற்காகவே வருகிறார். ஒரு வாரம் ஒன்றும் வராவிட்டால் அவர் அதைக் கவனிக்கவும் மாட்டார். (வாரம் முழுவதும் உம்மைத் தேடுவது உம்முடைய அம்மா மட்டுமாகத்தான் இருக்கும்.)

உமக்கு நல்லதாகச் செய்யத் தெரியாது என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளிலும் ஒவ்வொன்றாக அள்ளி ஊற்றிப் பார்த்து, சிலவற்றுக்கிடையே சூட்டில் வேறுபாடு உமக்குத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னீரே, அன்றைக்கு உம்மை நம்பத் தொடங்கினேன். கோணேசர் கோயில் காணொளி அதைவிட மேலானது. இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் கதையை ஐதீகம் என்று ஐதீகமாகவே சொன்னீர். சம்பந்தரின் பதிகத்தையும், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டியதையும், 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு கடலில் மூழ்கிய மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் கோயிலின் சிதைவுகளைக் கண்டதையும் வரலாறு என்று தனியாகச் சொன்னீர். பக்தரும் முகம் சுளிக்கவில்லை, வரலாறு படித்தவரும் குறை சொல்லவில்லை. ஊரில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ஆண்டுக்கணக்கை விருப்பப்படி கூட்டிச் சொல்கிறார்கள். அவர்களுக்கு உம்மைவிடப் பார்வை அதிகம் என்பதையும் அறிவேன். ஆயினும் தன் வீட்டாரை அழைத்துக்கொண்டு புறப்படுகிறவர் அவர்களிடம் வழி கேட்பதில்லை.

உணவகங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். காசு வாங்கியோ இலவசமாகச் சாப்பிட்டோ பேசினால் அதை முதல் நிமிடத்திலேயே வாயால் சொல்லும். யூரியூப்பில் கட்டண விளம்பரம் என்று குறிக்கும் வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்தும்.

இனிச் செய்யக் கூடியது இதுதான். ஏற்றிய காணொளியை அதே இணைப்பில் வைத்துக்கொண்டு வேறொன்றாக மாற்ற முடியாது. ஆனால் தலைப்பையும் விளக்கத்தையும் திருத்தலாம், மேலே ஒரு கருத்தைப் பொருத்தி வைக்கலாம். காட்சி எடுத்த மாதத்தையும், வாடைக்காலத்தில் படகு நிச்சயமில்லை என்பதையும், நுழைவுக் கட்டணம் மாறக்கூடியது என்பதையும் இன்றைக்கே எழுதி வையும். மாசி வரைக்கும் படமெடுக்க எதுவும் இல்லை என்று எண்ண வேண்டாம். மீன்பிடி வாடிகளில் வலை பொத்துகிறவர்களிடம் போய் இருந்தால், எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதை அவர்களே சொல்வார்கள். இந்தக் கரையில் வளர்ந்த எனக்கே அதில் பாதி தெரியாது. கடல் அடங்கிப் படகுகள் ஓடத் தொடங்கியதும் நானே அறிவிக்கிறேன், பழைய காட்சியைத் தொடாமல் புதிதாக எடும்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஓர் அண்ணன்