124-க்கும் 118-க்கும் நடுவில்

படைக்கலக் கொள்முதலை முடிவு செய்யும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

அம்பத்தூரில் ஆறு எந்திரங்களோடு பட்டறை நடத்துபவனின் வணக்கம்.

சென்ற வாரம் ஒரு கூட்டத்தில், சிறு பட்டறைகள் பாதுகாப்புத் துறைக்குத் துணிந்து வர வேண்டும் என்று மேடையில் ஒருவர் முழங்கினார். பின்வரிசையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் வந்து வெகுகாலம் ஆகிறது ஐயா. வந்து, உட்கார்ந்திருக்கிறோம்.

அர்ஜுன் டாங்கியின் கதை நீங்கள் அறியாததல்ல. 1974-ல் ஒப்புதல். ஆவடி ஆய்வகம் வரைந்து, சோதித்து, திருத்தி, 2000-ல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தது. மறு ஆண்டே ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஆர்டர் போனது. 2010-ல் இன்னொரு 124 அர்ஜுன் என்று அறிவிப்பு. அது கையெழுத்தானது 2021 செப்டம்பரில், அதுவும் 118 ஆகச் சுருங்கி. இதற்குள் 72 மேம்பாடுகள் சேர்ந்து எடை 68 டன் ஆனது. உடனே எடை அதிகம் என்று ஒரு குறை. மணப்பெண்ணுக்கு நகையை அடுக்கச் சொல்லிவிட்டு நடை தளர்கிறது என்பதுபோல.

நான் பேச வந்தது ஓர் ஆர்டருக்கும் அடுத்த ஆர்டருக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளியைப் பற்றி.

ஒரு நிறுவனத்தின் வழியாக (பெயர் வேண்டாம், பாக்கி வர வேண்டியிருக்கிறது) சஸ்பென்ஷன் உருளைகளைக் கடைந்து கொடுத்தோம். இந்த டாங்கியைத் தாங்குவது எண்ணெயும் அழுத்தமேற்றிய வாயுவும். உள்விட்டம் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு பிசகினாலும் கழித்துவிடுவார்கள். எங்கள் மூத்த டர்னர் லேத்தின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். அவர் கை பட்ட உருளை திரும்பி வந்ததில்லை. ஆர்டர் நின்றது. ஓராண்டு அரைச் சம்பளத்தில் இருந்தார். இப்போது முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். உருளையை அளந்து பார்க்க அவர் வைத்திருந்த கேஜ்களுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் தடவி, காகிதத்தில் சுற்றி வைக்கிறேன். அவற்றால் வேறெந்த வேலைக்கும் பயனில்லை.

ஓடும் ஆர்டர் முடியுமுன் அடுத்த ஆர்டரை எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கை சிறிதானாலும் போதும்.

2024 மார்ச் 20 அன்று மைசூரில் நம் நாட்டு 1500 குதிரைத்திறன் டாங்கி எஞ்சின் முதன்முதலாக ஓடியபோது பட்டறையில் இனிப்பு வாங்கினேன். ஜெர்மன் எஞ்சினுக்காகக் காத்துக் கிடக்கும் காலம் தீரும் என்ற மகிழ்ச்சி. ஆனால் எஞ்சின் வந்து சேரும்போது உருளை கடையும் கை இருக்குமா? ஆய்வகத்தின் வரைபடத்தைக் கணினியில் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம்; டர்னரை அப்படி வைக்க முடியாது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை என்கிறீர்கள். உண்மைதான், வழியில்தான் நிற்கிறோம்.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த ஆர்டர், இது முடியுமுன், எழுத்தில், ஆண்டுக்கு இத்தனை என்ற கணக்கோடு. டர்னருக்கு ஐம்பத்தெட்டு வயது. கூப்பிட்டால் வருகிறேன் என்றுதான் இன்னும் சொல்கிறார்.

பணிவுடன்,
அம்பத்தூர் பட்டறைக்காரன்