வாக்களிப்பு வீதமும் ஊடக நடுநிலையும்: தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொழும்பு வாக்காளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளில் வசிக்கும், வேலை செய்யும் தமிழ் பேசும் வாக்காளர்கள்,
கொழும்பு.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
தேர்தல் ஆணைக்குழு,
தேர்தல் செயலகம், சரண மாவத்தை,
இராஜகிரிய.

விடயம்: வாக்களிக்க வர முடியாதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று ஊடகங்கள் சொல்லும் நிலையை மாற்ற, வாக்களிப்பு விபரங்களைத் தேர்தல் நாளன்று தொகுதி மட்டத்திலும் மறுநாள் நிலைய மட்டத்திலும் தமிழில் வெளியிடுதல், ஊடக முறைப்பாடுகளின் முடிவுகளைப் பகிரங்கப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 79 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். எட்டு வாரம் கூடக் கழியவில்லை, நவம்பர் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் அது 69 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே வாக்காளர் இடாப்புத்தான், ஒரு கோடியே 71 இலட்சம் பேர். அப்படியென்றால் செப்டெம்பரில் வாக்களித்தவர்களின் தொகைக்கும் நவம்பரில் வாக்களித்தவர்களின் தொகைக்கும் இடையில் சுமார் 18 இலட்சம் வித்தியாசம்.

இந்த 18 இலட்சம் பேரைப் பற்றி அன்று மாலையிலிருந்து தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே விளக்கம்: மக்களுக்குச் சலிப்பு, அக்கறை இல்லை. அதைச் சொன்னவர்கள் யாரையும் விசாரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்களோடு வேலை செய்கிறவர்கள், எங்கள் வீடுகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்கள், எங்கள் சொந்தக்காரர்கள் பலர் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மனுவை எழுதுகிறோம்.

புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரை, ஹோட்டல் சமையலறைகளில் நிற்பவர்களை, வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களில் பெரும் பகுதியினர் ஹட்டன், தலவாக்கலை, பதுளை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். வேலை கொழும்பில், வாக்கு தோட்டத்தில். 2024 இல் தீபாவளி ஒக்டோபர் 31 ஆம் திகதி வந்தது. வருடம் முழுக்கச் சேர்த்த லீவையும் காசையும் செலவழித்து ஊருக்குப் போய் வந்தவர்கள், சரியாக இரண்டு வாரத்தில் மறுபடியும் பஸ் ஏற வேண்டியிருந்தது. செப்டெம்பர் தேர்தல் சனிக்கிழமையில் நடந்தது, நவம்பர் தேர்தல் வியாழக்கிழமையில். மறுநாள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்பதால் சிலர் எப்படியோ சமாளித்துப் போனார்கள். நாட்கூலிக்காரருக்கு அதுவும் முடியவில்லை. இரண்டு நாள் சம்பளம், போக வர பஸ் காசு, பண்டிகை முடிந்த கையோடு வாங்கிய கடன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தங்கிவிட்ட ஒருவரை அக்கறையில்லாதவர் என்று சொல்வது பெரிய அநியாயம். 1948 இல் பிரஜாவுரிமையை இழந்து, அடுத்த வருடமே வாக்குரிமையையும் இழந்து, 2003 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வரைக்கும் அதற்காகக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். வாக்கின் அருமையை இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சட்டம் இருக்கிறது, அதை நாங்கள் மறுக்கவில்லை. எழுத்தில் கேட்டால் சம்பளம் வெட்டாமல் ஆகக் குறைந்தது நான்கு மணித்தியாலம் விடுமுறை கொடுக்க வேண்டும் என்று 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் சொல்கிறது. 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று தேர்தல் காலத்தில் அறிவிக்கிறார்கள். ஹட்டனுக்கு ஒன்றரை நாள், பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரண்டு நாள் கிடைக்க வேண்டும். ஆனால் நியமனக் கடிதமே இல்லாமல் வேலை செய்யும் ஒரு பையன் முதலாளியிடம் எழுத்தில் லீவு கேட்பானா? அப்படிக் கேட்டவனிடம் "போனால் திரும்பி வராதே" என்று சொன்ன கடை எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கே முறையிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தேர்தல் நாளன்று கடமையில் இருக்கும் அரச ஊழியர்களுக்கும் பொலிஸாருக்கும் தபால் மூல வாக்களிப்பு உண்டு. தனியார் துறையில் இருப்பவருக்கு அது கிடையாது. இவருக்கு இருக்கும் ஒரே வழி பஸ்தான்.

ஆகவே தேர்தல் அறிவிக்கப்பட்டதும் இந்த லீவு விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சடித்து, கடைகளில் ஒட்ட வைக்க வேண்டுகிறோம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் கடைகளைப் பார்வையிடும் தொழில் திணைக்கள உத்தியோகத்தர்கள் தேர்தலுக்கு முந்திய வாரம் புறக்கோட்டையை ஒரு தடவை சுற்றி வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்தால் தமிழில் பேச ஓர் ஆள் எல்லா நேரமும் இருக்க வேண்டும்.

அடுத்தது கொழும்பிலேயே வாக்கு உள்ளவர்களைப் பற்றியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத தமிழ் வீடு அபூர்வம். கனடாவிலும் லண்டனிலும் டோஹாவிலும் இருக்கிற பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பில் அப்படியே கிடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க நமது நாட்டில் ஏற்பாடு இல்லை. ஐந்து பெயர் உள்ள வீட்டில் மூன்று பேர் வெளிநாட்டில் என்றால், மீதி இரண்டு பேரும் காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றாலும் அந்த வீட்டின் வாக்களிப்பு 40 சதவீதம்தான். இன்னொரு பக்கம், பத்து வருடமாக அறையில் வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் படிவத்தில் சேர்க்க மாட்டேன் என்கிறார், சொத்தில் உரிமை கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவர் ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. இப்படி இடாப்பில் இருக்க வேண்டியவர் இல்லாமலும், இருக்கக் கூடாதவர் இருந்துகொண்டும் வரும் ஒரு வீதத்தை வைத்துத்தான் "கொழும்புத் தமிழர் வாக்களிக்க வருவதில்லை" என்று பேசுகிறார்கள். வாடகைக்கு இருப்பவரைப் பதிவதால் வீட்டுக்காரரின் சொத்துக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று ஆணைக்குழுவே ஒரு விளக்கம் வெளியிட்டால், கிராம உத்தியோகத்தர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வசதியாக இருக்கும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். தேர்தல் நாளன்று காலை பத்து மணி, நண்பகல், இரண்டு மணி என்று மாவட்டச் செயலகங்களிலிருந்து வாக்களிப்பு வீதம் வெளிவருகிறது. ஆனால் அது மாவட்டத்துக்கு ஒன்று. கொழும்பு மாவட்டத்தில் 15 தேர்தல் தொகுதிகள், 17 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். ஹோமாகமையும் கெஸ்பேவையும் மொறட்டுவையும் கொழும்பு வடக்கும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கு முன்னால் கெமராவோடு நின்று, "இங்கு தமிழ் மக்கள் மந்தமாகவே வாக்களிக்கிறார்கள்" என்று நண்பகலிலேயே சொல்லிவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு அங்கே நின்ற வரிசையை அவர்கள் பார்க்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டு, "எல்லாரும் போகவில்லையாம், நாம் மட்டும் போய் என்ன" என்று வீட்டில் இருந்துவிட்டவர்களை எங்களுக்குத் தெரியும். வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கும்போது சொல்லப்படும் இப்படியான பேச்சு வெறும் கருத்தாக நின்றுவிடுவதில்லை, வாக்களிப்பையே குறைக்கிறது.

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் வாக்குச்சீட்டுக் கணக்கை எழுதுகிறார். எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுக்கப்பட்டது, எத்தனை மிச்சம் என்பதெல்லாம் மாலை நான்கு மணிக்கு மேல் எழுத்தில் இருக்கிறது. யாருக்கு வாக்கு விழுந்தது என்பது அதில் இல்லாததால் இரகசியம் எதுவும் கெடப் போவதில்லை. அதை நிலையம் நிலையமாக, மூன்று மொழிகளிலும், மறுநாளே வெளியிடுங்கள் என்பதுதான் எங்கள் முதற் கோரிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் ஒவ்வொருவரும் விண்ணப்பித்துக் கேட்கலாம்தான். ஆனால் பதில் வருவதற்குள் பேச்செல்லாம் முடிந்து, பெயரும் கெட்டுப்போயிருக்கும். தேர்தல் நடக்கும் வேளையிலும் மாவட்டத்துக்கு ஒரு வீதம் என்பதை மாற்றி, தொகுதிவாரியாகத் தாருங்கள்.

வாக்களிப்பு வீதத்தைக் காரணத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. 1988 ஜனாதிபதித் தேர்தலில் 55 சதவீதமானோர்தான் வாக்களித்தார்கள், வாக்களிக்கப் போனால் கொல்லுவோம் என்ற மிரட்டல் தெற்கில் இருந்த காலம் அது. 2005 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.2 சதவீதம். அந்த மக்கள் எந்த நிலையில் வீட்டுக்குள் இருந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தேர்தலில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 180,786 வாக்குகள். இந்த எண்களை யாராவது "சலிப்பு" என்று விளக்கியிருந்தால் நாடே சிரித்திருக்கும். இன்று மிரட்டல் இல்லை, அது பெரிய ஆறுதல். தடைகள் மட்டும் வேறு உருவத்தில் இருக்கின்றன.

ஊடகங்களைப் பற்றிச் சொல்வதென்றால், ஆணைக்குழுவின் கையில் அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை எல்லாவற்றுக்கும் வர்த்தமானி மூலம் வழிகாட்டல்கள் விதிக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. அரச வானொலியும் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியும் மீறினால், அரசியல் ஒலிபரப்பைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கவும் அதில் இடமிருக்கிறது. வழிகாட்டல்களையும் ஒவ்வொரு தேர்தலுக்கும் வெளியிடுகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் முறைப்பாடு போட்ட பிறகு என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிய வருவதில்லை. எங்களில் சிலர் ஒரு தமிழ் அலைவரிசையைப் பற்றி முறையிட்டோம். பிரசாரம் முடிந்து 48 மணித்தியால அமைதிக் காலம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்சியைப் புகழ்ந்து நீண்ட நேரம் பேசிய நிகழ்ச்சி அது, பக்திப் பாட்டுக்கு நடுவில் போனது. முறைப்பாடு கிடைத்தது என்று சொன்னார்கள். அப்புறம் ஒரு சொல்லும் இல்லை. அந்த அலைவரிசை வழிகாட்டலை மீறியதா இல்லையா? மீறவில்லை என்று நீங்கள் தீர்மானித்திருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளத் தயார், காரணத்தோடு சொன்னால் போதும்.

எனவே ஒவ்வொரு ஊடக முறைப்பாட்டுக்கும் எந்த ஊடகம், எந்த நிகழ்ச்சி, என்ன முடிவு என்பதைத் தேர்தலுக்கு முன்பே, நாளுக்கு நாள், தமிழிலும் வெளியிட வேண்டுகிறோம். தேர்தல் முடிந்து வரும் அறிக்கை ஆராய்ச்சியாளருக்கு உதவும், வாக்காளருக்கு உதவாது. வழிகாட்டலை மீறிய ஊடகம் அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில் திருத்தத்தைச் சொல்ல வேண்டும். வாக்களிப்பு முடியும் வரை ஓர் இனத்தையோ பிரதேசத்தையோ சுட்டி "வருகிறார்கள், வரவில்லை" என்று ஆணைக்குழுவின் தரவு இல்லாமல் சொல்லக்கூடாது என்ற ஒரு வரியை அடுத்த வழிகாட்டலில் சேருங்கள்.

தமிழ் ஊடகங்களைக் கண்காணிக்கத் தமிழ் தெரிந்தவர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா என்பதையும் தயவுசெய்து பாருங்கள். சிங்கள அலைவரிசையில் ஒருவர் தவறாகப் பேசினால் அரை மணித்தியாலத்தில் கொழும்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. தமிழில் பேசினால் தமிழர் மட்டும் கேட்டு, தமிழர் மட்டும் கோபப்பட்டு, அதோடு போய்விடுகிறது. வாக்களிப்புக்கு முந்திய இரவில் "இன்ன வேட்பாளர் விலகிவிட்டார்", "இந்த அடையாள அட்டை செல்லாது" என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கும் இதே கதைதான். தேர்தல் முடிவுகளை மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் தருகிறீர்கள், அதில் எங்களுக்குக் குறையே இல்லை. அதே வேகம் மறுப்பு அறிவித்தல்களுக்கும் இருக்க வேண்டும்.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2024 செப்டெம்பரில் சுமார் 3 இலட்சம், நவம்பரில் 6 இலட்சத்து 67 ஆயிரம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு இலக்கம் இடலாம், பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X), பிறகு வேட்பாளர் இலக்கத்துக்கு மூன்று வரை புள்ளடி. எட்டு வாரத்துக்குள் வாக்கை அடையாளமிடும் விதமே மாறிவிட்டது. லீவு எடுத்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று போட்ட வாக்கு இப்படி வீணாவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாதிரி வாக்குச்சீட்டோடு செய்யும் விளக்கங்களைத் தமிழ் அலைவரிசைகளில் நள்ளிரவிலோ அதிகாலையிலோ போடாமல், இரவுச் செய்திக்கு முன்பு போடச் செய்யுங்கள்.

மேற்சொன்னவற்றைப் பற்றி நேரில் பேச, புறக்கோட்டைத் தொழிலாளர் சிலரோடு எங்கள் பிரதிநிதிகள் இராஜகிரியவுக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். தொழிலாளர்களுக்கு வசதியான ஞாயிறு அல்லது போயா தினம் ஒன்றில், முடியாவிட்டால் ஏதாவது வேலைநாளில் மாலை ஐந்து மணிக்குப் பின் நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மனுவின் பிரதிகள் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கும், கொழும்பு மாவட்டச் செயலாளருக்கும், தேர்தல் கண்காணிப்பில் ஈடுபடும் பெப்ரல், கபே அமைப்புகளுக்கும் அனுப்பப்படுகின்றன. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் எங்களுக்குத் தரும் உரிமையின்படி பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள வாக்காளர்கள்,
கொழும்பு 6, 11, 13, 15.

(கையொப்பங்களும் வாக்காளர் இடாப்பு இலக்கங்களும் தனித் தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)