நிற்பது ஒன்று, நிறுத்துவது வேறொன்று

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்த சேதியை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவிக்கு அப்படியொரு சந்தோஷம். பொறியாளராகப் போகிற பிள்ளைக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். போன மாதம் நடந்த ஒன்றை எழுதுகிறேன், அவளிடம் காட்டு.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு பழைய வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தானாகவே கிளம்பிவிடும். பழுதிலேயே பொல்லாதது இதுதான்; ஆள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். எனக்கு முன் பார்த்தவர்கள் கன்ட்ரோல் போர்டை மாற்றினார்கள். மறுபடி நின்றது. கேபிளை மாற்றினார்கள். அப்புறமும் நின்றது. உனக்குத் தெரியாததா? எல்லா மாடிக் கதவின் பூட்டு கான்டாக்டும் ஒரே வரிசையில் கோத்திருக்கும். எந்தக் கதவு இம்மியளவு விலகினாலும் சர்க்கியூட் அறுந்து லிஃப்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். எந்த மாடி என்று அந்தக் காலத்துப் பெட்டி சொல்லாது.

பன்னிரண்டாம் மாடியில் ஒரு பாட்டி, விடியற்காலையில் கோயிலுக்குக் கிளம்புகிறவர். "தம்பி, காத்து சுத்தியடிக்கிற காலையிலதான் நிக்குது" என்றார். முன்பு வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார், ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. பழுதுப் பதிவேட்டை எடுத்து நேரத்தைப் பார்த்தேன். அநேகமாக எல்லாம் விடியலை ஒட்டியே. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே அடிக்கும் சுமத்ராக் காற்றை நீ மறந்திருக்க மாட்டாய். அடுத்த தடவை காற்று கிளம்பியதும் இருட்டோடு போய் மாடி மாடியாகப் பார்த்தேன். பத்தொன்பதில் அகப்பட்டது. கதவின் அடியில் காடிக்குள் ஓடும் கைடு தேய்ந்துபோய், தாழ்வாரக் காற்று தள்ளத் தள்ளக் கதவு உள்ளே சாய்ந்தது; மேலே கான்டாக்ட் விட்டு விட்டுத் தொட்டது. ஏழாம் மாடிப் பக்கம் ஜனங்கள் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் பத்தொன்பதாம் மாடிக் கதவு! சின்னத் துண்டுதான், மாற்றியதோடு சரியாகிவிட்டது.

அன்று வீடு திரும்பும்போது 2016இல் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வட்டப்பாதையில் நடந்த விவகாரம்தான் மனதில் ஓடியது. நீ ஊருக்குப் போனபிறகு நடந்தது. ஓட்டுநர் இல்லாத ரயில்கள். ஆகஸ்ட் மாதம் தொடங்கி, சிக்னல் தொடர்பு அறுந்து தானாக அவசர பிரேக் பிடித்து நின்றன. எங்கே நிற்கும், எப்போது நிற்கும் என்று ஒரு கணக்கும் பிடிபடவில்லை. நவம்பரில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கோவ்டெக்கின் தரவு ஆய்வாளர்கள் உட்கார்ந்தார்கள். நேரத்தை ஒரு அச்சிலும் நிலையங்களை இன்னொரு அச்சிலும் வைத்து, மாரே வரைபடம் என்பார்களே, அந்த முறையில் ஒவ்வொரு சம்பவத்தையும் புள்ளியாகக் குறித்தார்கள். சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்ந்த கோடுகளாக வரிசைகட்டின. ஏதோ ஒன்று தடத்தில் நகர்ந்துபோகிறது, அது கடக்கும்போதெல்லாம் பக்கத்தில் வரும் ரயில் நிற்கிறது! அந்த ஒன்று பிவி46 என்ற ரயில். அதன் சிக்னல் கருவி தவறான அலைகளை அனுப்பி மற்றவற்றைத் தடுமாற வைத்தது. நின்ற ரயில்களின் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கண்ணில் படும்? அது நிற்கவே இல்லையே. நோயாளி நடந்துகொண்டிருந்தான், ஆரோக்கியமானவர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். அந்த வரைபடத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

எல்லாம் இப்படி உயிர்ச்சேதம் இல்லாமல் முடிவதில்லை. 1986 மார்ச் 15, சிராங்கூன் ரோடு, ஹோட்டல் நியூ வோர்ல்ட். ஆறு மாடிக் கட்டடம், இடிந்து விழ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்ற கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எம்ஆர்டி சுரங்க வேலையைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அந்தச் சுரங்கப் பொறியாளர்கள்தான் இடிபாட்டுக்கு அடியில் குடைந்துபோய் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். மொட்டைமாடியில் பிறகு ஏற்றிய பாரங்கள் நிலைமையை மோசமாக்கின என்றாலும், விசாரணையில் தெரிந்த மூலகாரணம் வேறு: வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. குடியிருப்பவர், சாமான், எல்லாம் கணக்கில் உண்டு. சுவரும் தளமும் இல்லை. 1989இல் இங்கே வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, தனியாக இன்னொரு பொறியாளர் அந்தக் கணக்கைச் சரிபார்த்தே ஆகவேண்டும். உன் மகள் போடும் கணக்கை யாராவது திருப்பிப் பார்த்தால் அவள் வருத்தப்பட வேண்டாம். அது அவளை நம்பாததால் இல்லை.

உன் தோட்டத்துப் போர் மோட்டாரில் காயில் மறுபடி எரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, உடனே காயில் கட்டி இறக்கிவிடாதே. முன்பு எரிந்தது எந்த நேரத்தில் என்று வீட்டில் விசாரி. அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும் நேரமா? அந்த நேரத்தில் மூன்று பேஸிலும் வோல்டேஜைத் தனித்தனியாக அளந்து பார். ஒன்று விட்டுப்போயிருந்தாலோ குறைவாக இருந்தாலோ எத்தனை தடவை கட்டினாலும் எரியும். போரில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள். எல்லாவற்றையும் எழுதி அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்